டிரையர் கதவு யார் கையில்

நான் செய்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு பேர் கிடையாது. பழனிசெட்டிபட்டியில் வீட்டு வாசலில் போர்டு வைத்தபோது என்ன எழுதுவது என்று பெயின்டர் கேட்டார். நான் சொன்னதை ரெண்டு தடவை கேட்டுவிட்டு, "கணக்கு டியூசன்னு போட்ருவமா டீச்சர்?" என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் எல்லாருக்கும் டீச்சராகவே இருந்துவிட்டேன்.

நம் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது என்ன வேலை என்று தெரியும். ஆனாலும் என் பாஷையில் ஒரு தரம் சொல்கிறேன். ஓர் அறை இருக்கிறது. அதற்குள் சூடு பரவுகிறது, ஈரம் நகர்கிறது. எப்படிப் பரவும் என்பதைச் சமன்பாடு சொல்லும். அதை அப்படியே தீர்க்க முடியாததால் அறையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு எளிய கணக்காக ஆக்கிக்கொள்கிறோம். அதுதான் ஃபைனைட் எலிமென்ட். அதோடு நிற்காமல், "சூடு நான் கேட்டபடி பரவ வேண்டுமென்றால் பர்னரை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும்?" என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் ஆப்டிமல் கண்ட்ரோல். முதல் கேள்விக்கு அறையே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு, நீங்கள் என்ன கேட்டீர்களோ அதுதான் பதிலாக வரும். வம்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஓய்வு பெற்றுப் போகிறவள் நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். நல்லதாகச் சொல்ல எனக்கு வராது. நான் செய்த ஒரு தப்பையும், அதற்குப் பிறகு நான் சம்மதிக்காத ஒரு காரியத்தையும் எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் இஷ்டம்.

அப்போது நான் ஞானராஜ் அண்ணாச்சியிடம் வேலை பார்த்தேன். போடி பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த குடும்பம். அண்ணாச்சி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தேனியை ஒட்டிப் பட்டறை போட்டு ஏலக்காய் டிரையர் செய்ய ஆரம்பித்திருந்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணாமல் எந்த மெஷினையும் ஓட்டிப் பார்க்க மாட்டார். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு டிரையரை ஓட்டலாம் என்று நான் சொன்னபோது, இந்தப் பக்கத்தில் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முதல் டிரையரை, கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் ரோட்டில் ஒரு ஸ்டோரில் நிறுத்தினோம். ஏலக்காய் காயவைக்கும் கட்டிடத்துக்கு இங்கே ஸ்டோர் என்றுதான் பேர். மலையில் பறித்த பச்சைக் காய் ஜீப்பில் குமுளி வழியாக இறங்கி வரும். அதைத் தட்டுகளில் பரப்பி, அறைக்குள் அடுக்கி, கீழேயிருந்து சூடான காற்றை அனுப்ப வேண்டும். காய்ந்து முடிய ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கும். நடுவில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆட்கள் உள்ளே போய்க் காயைப் பெரட்டிவிட்டு, கீழ்த் தட்டை மேலேயும் மேல் தட்டைக் கீழேயும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கீழே இருப்பது கருகும், மேலே இருப்பது புழுங்கும்.

என் கணக்கில் இரண்டு விஷயம் கேட்டிருந்தேன். சீக்கிரம் காய வேண்டும். காயின் சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலக்காய்க்கு மதிப்பில்லை. அறையை எவ்வளவு பொடியாக வெட்ட முடியுமோ அவ்வளவு பொடியாக வெட்டினேன். ஒரு மூலையில்கூடக் காய் சூடு எல்லை மீறாதபடி பார்த்துக்கொண்டேன். விடை வந்தது. பழைய முறையைவிட மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். அண்ணாச்சி பட்டறை முழுக்க கேக் வாங்கிக் கொடுத்தார்.

முதல் ஓட்டம். நான் வெளியே மேஜை போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரட்டுகிற வேலைக்கு நாலு பெண்கள். மூத்தவள் பேச்சியம்மா, சுருளிப்பட்டிக்காரி, பல வருஷம் மலை ஸ்டோர்களில் இதே வேலை பார்த்தவள். உள்ளே போவதற்கு முன்னால் நாலு பேரும் வளையலைக் கழற்றிச் சன்னலில் வைத்தார்கள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் செருகி, அதற்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மடித்த துணியை வைத்துக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஏதோ அவர்கள் வழக்கம் என்று நினைத்துத் திரும்பவும் திரையைப் பார்த்தேன்.

பெரட்டும் நேரம் வந்ததும், என் கணக்கை ஏற்றியிருந்த கண்ட்ரோலர் பெட்டி பீப் அடித்தது. கதவைத் திறந்து போனார்கள். எனக்கு முன்னால் திரையில் எல்லாம் பச்சை. காய் நாற்பத்தாறு, நாற்பத்தேழு டிகிரி. "ரொம்ப அழகாப் போகுது அண்ணாச்சி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தட்டு விழுந்த சத்தம் கேட்டது. மற்ற மூன்று பேரும் பேச்சியம்மாவை இரண்டு கையையும் பிடித்து இழுத்து வந்தார்கள். சுவர் ஓரமாக உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தாள். முகம் வீங்கிச் சிவந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

ஆட்டோ வைத்துக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றினார்கள். சாயந்தரம் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். அதுவரைக்கும் நான் அந்த வராந்தாவில் நின்ற நிலையை இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் அதே கட்டத்தில் அறையை ஓடவிட்டு, ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போனேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. மூச்சை இழுத்தால் மூக்கு எரிந்தது. கழற்றாமல் போன வளையல் மணிக்கட்டைச் சுட்டது. காற்று அறுபதைத் தாண்டியிருந்தது, அதுவும் தண்ணீர் கோத்த காற்று. ஒரு தட்டைக்கூட நான் பெரட்டவில்லை. வெளியே ஓடி வந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. ஈரக் காய் தன் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும்வரை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஈரத் துணி போர்த்தின உடம்பு மாதிரி. சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு கொதித்தாலும் காய் ஐம்பதைத் தொடாது. நான் எல்லை போட்டது காய்க்கு. காற்றுக்குப் போடவில்லை. அது மட்டுமா? நம் கணக்கில் முடிவிலிருந்து பின்னோக்கி ஓடும் ஒரு சமன்பாடு இருக்கிறதே, எந்த நிமிஷத்துச் சூட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்வது, அது என்ன சொல்லியிருந்தது தெரியுமா? கதவு திறக்கும்போது ஈரக் காற்று வெளியே போய்விடும். ஆகையால் திறப்பதற்குச் சற்று முன்னால் காயிலிருந்து எவ்வளவு ஈரத்தைக் காற்றில் ஏற்ற முடியுமோ ஏற்றிவிடு, அந்த நேரத்துச் சூடுதான் மிக லாபம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அறை எப்போது மிக மோசமாக இருக்குமோ, சரியாக அந்த நிமிஷம் பார்த்து என் பெட்டி பீப் அடித்து நாலு பெண்களை உள்ளே அனுப்பியது. நான் கேட்டதைத்தான் அது செய்தது. உள்ளே ஆள் வருவார்கள் என்று நான் அதனிடம் சொல்லவே இல்லை.

அதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. பெரட்டுகிற நேரத்தில் காற்றின் சூடும் ஈரமும் ஆள் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். மிச்சம் பிடித்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ரிப்போர்ட் எழுதினேன். இரண்டாவது தப்பை அங்கே செய்தேன். எந்த நிபந்தனை நமக்கு எவ்வளவு நேரத்தை விலையாகக் கேட்கிறது என்பதைக் காட்டும் எண்களை, அந்தப் பெருக்கிகளை, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக ஒரு அட்டவணையாகப் போட்டிருந்தேன்.

அண்ணாச்சி விரலை அதில்தான் வைத்தார்.

"ஏம்மா, இந்தக் கடைசி வரில மட்டும் இம்புட்டுப் பெரிசா நிக்கிதே, இது என்ன?"

"ஆளுக உள்ள போற நேரத்துக்குப் போட்ட நிபந்தனை அண்ணாச்சி. நேரத்த ரொம்பத் தின்றது அதுதான்."

"அப்ப அந்த ஒத்த வரியத் தூக்கிட்டா?"

"போன நேரம் பூராத் திரும்பக் கெடைக்கும்."

"தூக்கிரும்மா."

நான் பேச்சியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவரும் மனுஷர்தான், அவள் ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் கொடுத்தார், ஆனால் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "பழைய வெறகு அடுப்பு ஸ்டோர்ல இதவிடச் சூடு. இதே பொம்பளைக அங்கன காலமெல்லாம் பெரட்டியிருக்காக. அன்னிக்கி அவ சாப்புடாம வந்திருப்பா. அதுக்காக மெஷினயே கெடுப்பியா? வெள்ளிக்கெழம மெஷின் வாங்குறதுக்குப் பாக்க எஸ்டேட் மேனேஜர் வாரார். அவருக்கு மொதக் கணக்குல ஓட்டிக் காட்டணும். நீ பாதுகாப்பு சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போடு."

பழைய ஸ்டோரில் இதைவிடச் சூடு என்று அவர் சொன்னாரே? அது உண்மையாக இருந்தால் என் நிபந்தனை வெறும் பயம்தானே? யாரைக் கேட்பது? பேச்சியம்மாவைத்தான்.

அவள் ஒரு திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்கு அடியில் கொத்துகளைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், பன்னீர் திராட்ச வாங்க வந்தீகளா?"

"உங்களப் பாக்கத்தான் வந்தேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"ரெண்டு நா தல கிறுகிறுன்னுச்சு. இப்பச் செவனேன்னு இருக்கேன்."

"பழைய ஸ்டோர்ல இதவிடச் சூடா இருக்கும்னு சொல்றாங்களே, நெசமா?"

"நெசந்தேன். வெறகு அடுப்பு, வெந்து போகும்."

"அங்க ஏன் யாரும் மயங்கி விழல?"

நான் விளையாட்டுக்குக் கேட்கிறேனோ என்பது போல என்னைப் பார்த்தாள். "அங்கன தீப் போடுறதே நாங்கதான டீச்சர்? தட்டுப் பெரட்டணும்னா வெறக வெளிய இழுத்துப் போட்ருவோம். ரெண்டு கதவையும் தெறந்து வெச்சுட்டு, வெத்தல போட்டு உக்காந்துக்கிருவோம். மொதல்ல ஒருத்தி தலைய நீட்டிப் பாப்பா. ‘வாங்கடி’ன்னு அவ சொன்னாத்தேன் மத்தவ போவோம். இங்கன உங்க பொட்டி பீப்பீன்னு கத்துது. கத்துனா போகணும்ங்கிறாக. நான் எப்பிடி இருக்கேன், உள்ள எப்பிடி இருக்குன்னு பொட்டிக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு ஒரு கொத்தை அறுத்து என் கையில் கொடுத்தாள். நான் அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர்கள் கையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதைப் பிடுங்கி ஒரு பெட்டிக்குள் வைத்தவள் நான். அதற்கு ஆப்டிமல் கண்ட்ரோல் என்று பேரும் வைத்திருந்தேன். என் திருத்தத்திலும் அதே கோளாறுதான். உள்ளே போகும் நேரத்தை அப்போதும் நானேதான் முடிவு செய்திருந்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்து கணக்கை வேறு மாதிரி எழுதினேன். கதவு எப்போது திறக்கும் என்பதை நான் சொல்ல மாட்டேன். கதவில் ஒரு சுவிட்ச். திறந்தால் பர்னர் அணையும், ஃபேன் மட்டும் ஓடும். எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது அவர்கள் பாடு. அவர்கள் மூடிய பிறகு அறை எந்த நிலையில் இருக்கிறதோ, அங்கிருந்து மிச்ச நேரத்துக்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். தாளில் நன்றாக இருந்தது. ஆனால் அவ்வளவு பொடியாக வெட்டின அறையில் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்க்க என் லேப்டாப்புக்கு அரை நாள் ஆகும். ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை.

அண்ணாச்சி கேட்டுவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு, அடுத்த மெஷின்ல பாத்துக்கிருவோம்" என்றார். சர்ட்டிபிகேட்டை என் முன்னால் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணாச்சி."

"ஒரு கையெழுத்துதானம்மா?"

"மெஷின் பாதுகாப்பா ஓடும்னு அதுல எழுதியிருக்கு. ஓடாதுன்னு எனக்குத் தெரியும். பேச்சியம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளிக்கெழம நல்லபடியா ஓடட்டும், பெறகு நீயே போடுவ" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள்: "எனக்குச் சம்மதமில்லை, நான் வரவில்லை" என்று வீட்டில் இருந்துவிடுவது. அதில் ஒரு சுத்தம் இருப்பது மாதிரித் தோன்றும். எனக்கு அந்தச் சுத்தம் வேண்டாம் என்று தோன்றியது. என் கணக்கில்தானே அந்த அறை ஓடப் போகிறது? போனேன்.

விடிகாலையிலேயே காயை ஏற்றியிருந்தார்கள். மேனேஜர் வந்திருந்தார், மலையாளம் கலந்து பேசுகிறவர், கறாரான ஆள். அண்ணாச்சி ஜெபம் பண்ணினார். மெஷின் ஓடியது. முதல் பெரட்டலுக்குப் பெட்டி பீப் அடித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

நாலு பெண்களும் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி, "ஏத்தா பேச்சியம்மா, கேக்கலையா?" என்றார்.

"கேக்குது அண்ணாச்சி. நாங்க போகல."

"அங்ஙன காய் கெட்டுப் போகுமே!" என்றார் மேனேஜர். "எந்தா இது ஞானராஜ்?"

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. சட்டைக் கையை மடித்தார். "இதுல என்ன இருக்கு? நான் போறேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். எனக்குப் பயமும் வந்தது, அதற்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது தெரியும் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தட்டைப் பெரட்டிவிட்டு, வியர்வை வழியச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "பாத்தீகளா? ஒண்ணுமில்ல." மேனேஜர் தலையாட்டினார்.

பேச்சியம்மா உட்கார்ந்தபடியே கேட்டாள். "ரெண்டு தட்டுத்தான பெரட்டுனீக? இன்னும் அம்பத்தெட்டு இருக்கு. அதையும் பெரட்டிட்டு வாங்க. நாங்க கைதட்டுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி திரும்பிக் கதவைப் பார்த்தார். மறுபடி உள்ளே போக அவர் கால் நகரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் புரிந்ததை மேனேஜர் முன்னால் எப்படிச் சொல்வார்? பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் போய் அதன் வயரைப் பிடுங்கினேன்.

"பர்னர அணைங்க அண்ணாச்சி. ரெண்டு கதவையும் தொறந்து வைங்க. அவங்க சொல்லும்போது போகட்டும்."

"பிளான் கெட்டுப் போகுமேம்மா. பெறகு எப்பிடி ஓட்டுறது?"

"அவங்க பெரட்டி முடிக்கிறதுக்குள்ள நான் வேற பிளான் தரேன்."

தர முடியுமா என்று எனக்கு அப்போது தெரியாது. சொல்லிவிட்டேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். புதுக் கணக்கு அரை நாள் கேட்கும். என் கையில் அரை மணி நேரம் இருந்தது. செய்ய ஒரே வழிதான்: நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பொடி வெட்டை எறிய வேண்டும். அறையைப் பெரிய பெரிய துண்டாக வெட்டினேன். காலேஜில் இதைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அவ்வளவு முரட்டு வெட்டு. மூலைகளில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நம்பிக்கை வைக்கக் கூடாது. ஆகவே காய்ச் சூட்டின் எல்லையை ஐம்பதிலிருந்து நாற்பத்தாறுக்கு இறக்கினேன். கணக்கு எவ்வளவு மங்கலோ அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். இது எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லாதது. சிறந்த விடை எனக்கு அன்றைக்குத் தேவைப்படவில்லை. தப்பாக இல்லாத ஒரு விடை, அரை மணி நேரத்துக்குள் வேண்டியிருந்தது.

அதற்குள் கதவு இரண்டும் திறந்து கிடந்தன. ஆவி வெளியே புகையாக வந்தது. நாலு பேரில் இளையவள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் இருங்க" என்றாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பப் பார்த்துவிட்டு, "வாங்கடி" என்றாள். போனார்கள். அறுபது தட்டையும் பெரட்டினார்கள். நிதானமாக வெளியே வந்து, முகம் கழுவி, கதவை மூடினார்கள். நான் அறையின் நிலையை உள்ளே போட்டேன். விடை வந்தது.

கண்ட்ரோலர் பெட்டிக்கு நடுவில் புதுப் பிளானை ஏற்றும் வசதி இல்லை. அண்ணாச்சி போய் பர்னர் வால்வுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கையாலேயே திருப்பினார். ஒவ்வொரு பெரட்டலுக்கும் அணைத்தார், திறந்தார், காத்திருந்தார், மூடினார், நான் திரும்பத் தீர்த்தேன், அவர் திரும்பத் திருப்பினார். மறுநாள் காலை பத்து மணிக்குக் காயை இறக்கினோம்.

பச்சையாக இருந்தது. எல்லாத் தட்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு மூலையில் நாலு தட்டுக் காய் வெளிறிப் போயிருந்தது. என் முரட்டு வெட்டுக்குத் தெரியாமல் போன மூலை அது. நேரம், முதல் பிளானைவிட இரண்டே கால் மணி அதிகம். மேனேஜர் ஒரு காயை உடைத்து முகர்ந்தார், இன்னொன்றை வாயில் போட்டு மென்றார். "இது மதி" என்றார். போதும் என்று அர்த்தம். இரண்டு டிரையருக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் உங்களுக்கு நல்ல வார்த்தை எழுதியிருப்பேன்.

அண்ணாச்சி கதவுச் சுவிட்சை ஏற்றுக்கொண்டார். புது டிரையரில் போட்டார். படம் போட்ட நோட்டீஸ் அடித்து, பணியாளர் பாதுகாப்பு என்று பெரிய எழுத்தில் விளம்பரமும் செய்தார். ஒரு மாதம் கழித்து வரைபடத்தைப் பார்த்தபோது சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அது ஒரு சாவிம்மா. திருப்புனா சுவிட்ச் வேல செய்யாது, கதவு தெறந்தாலும் பர்னர் எரியும். சீசன் நேரம் அவசரம்னா வேணும்ல? வாங்குற பார்ட்டிக கேக்குறாக."

"யார் கையில இருக்கும் அந்தச் சாவி?"

"மேனேஜர்மார் கையில."

"அப்ப சுவிட்ச் எதுக்கு?"

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். சர்ட்டிபிகேட் திரும்பவும் மேஜைக்கு வந்தது. நான் திரும்பவும் கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தடவை ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் இல்லை, மயங்கி விழுந்த ஆள் இல்லை, காட்டுவதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. ஒரு வட்டம்தான் இருந்தது. அப்படி இருக்கும்போது முடியாது என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். பைத்தியக்காரி மாதிரி இருக்கும். சொன்னேன்.

"ஏம்மா, ஒன்ன விட்டா வேற ஆளில்லன்னு நெனைக்கிறியா?" என்றார்.

"நெறையப் பேர் இருப்பாங்க அண்ணாச்சி. நான் போட மாட்டேன்."

வேறு ஊரிலிருந்து ஒருத்தர் வந்து ஒரே மத்தியானத்தில் போட்டுவிட்டுப் போனார். நான் என் நோட்டுகளை எடுத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்து முன் அறையைக் காலி செய்தேன். இப்போது நீங்கள் வேலை பார்க்கிற இந்த ஆபீஸ் அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் ஆசீர்வாதம் பண்ணி ஆரம்பித்து வைக்கவில்லை.

உங்களிடம் நிறையப் பேர் வருவார்கள். படித்தவர்கள், மரியாதையானவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள். "ஒரு வரிதானே, தூக்கிருங்க" என்பார்கள். கணக்கு அவர்கள் பக்கம்தான் பேசும். ஒரு நிபந்தனையை எடுத்தால் விடை எப்போதும் மேலும் நன்றாகத்தான் வரும், ஒருநாளும் மோசமாக வராது. அது நீங்கள் முதல் வாரத்தில் படிக்கிற பாடம். அவர்களோடு அந்தக் கணக்கை வைத்து வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் சொல்லுங்கள், இரண்டாவது தடவை கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. பிழைப்பு போகுமா என்றால், போகும். எனக்குப் போனது. நான் ஒன்றும் செத்துப் போகவில்லை.

இன்னொன்று. அந்த வட்டத்துக்காக நான் வேலையை விட்டதை, ரொம்ப நாள் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சீசன் கழித்துக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாவைப் பார்த்தேன். பை நிறைய காய்கறி. "அன்னிக்கி வந்த மேனேஜர் ஸ்டோர்லதான் இப்ப இருக்கேன் டீச்சர். புது மெஷினு" என்றாள்.

"அதுல ஒரு சாவி இருக்குமே," என்றேன்.

"ஆமா. மெஷின் வந்த மொத நாளே காணாமப் போச்சு."

"எப்படி?"

அவள் சிரித்தாள். இடுப்புச் சேலைச் செருகலை ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே எதுவோ கிலுங்கியது. "மேனேஜர் இன்னும் தேடிக்கிட்டேதான் இருக்காக. வேற சாவி செஞ்சு தரச் சொல்லி ஒங்க அண்ணாச்சிக்குப் போன் போட்டாகளாம். அவுக, ‘அது தொலஞ்சா தொலஞ்சதுதேன்’ன்ட்டாகளாம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அண்ணாச்சி அப்படி ஏன் சொன்னார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. ஆனால் அவர் அந்தச் சாவியோடு விற்றது அந்த ஒரு ஸ்டோருக்கு மட்டுமில்லை. போடியிலிருந்து குமுளி வரைக்கும் எத்தனையோ ஸ்டோரில் அந்த மெஷின் ஓடுகிறது. அங்கெல்லாம் சாவி யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்கும் தெரியாது. சீசன் ஆரம்பிக்கப் போகிறது. லேப்டாப்பை மூடிவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.